ஸ்ட்ரீம்லைன் பண்றதுன்னா என்ன? தூர் வார்ற கதை

(எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த திரும்பத் திரும்பச் சொல்றது, இழுவை எல்லாத்தையும் எடுத்துட்டு, படிக்க வசதியா திருத்தியிருக்கேன்.)

இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்கிட்டு உட்காரப் போறோம். ஐடில வேலை பார்க்கிறவங்க வாரத்துல நாலு தடவையாவது கேட்கிற வார்த்தை: ஸ்ட்ரீம்லைன்.

"இந்த பிராசஸை ஸ்ட்ரீம்லைன் பண்ணிடலாம்"னு மேனேஜர் சொல்வார். ரெஸ்யூமேல "ஸ்ட்ரீம்லைன்ட்"னு ஒரு வரியாவது இல்லாத ஆளைப் பார்க்கிறது கஷ்டம். ஒரு நாள் காலையில கம்பெனியிலிருந்து மெயில் வரும், "செயல்பாடுகளை ஸ்ட்ரீம்லைன் பண்றோம்"னு. மதியத்துக்குள்ள பக்கத்து சீட் காலியாகியிருக்கும்.

வேலையைச் சுலபமாக்குறதுக்கும் அதே வார்த்தை, ஆளை வெளிய அனுப்புறதுக்கும் அதே வார்த்தை. அப்போ இதுக்கு உண்மையிலேயே என்னதான் அர்த்தம்? அது தெரிஞ்சா, அடுத்த மீட்டிங்ல யாராவது இதைச் சொல்லும்போது சரியான கேள்வியைக் கேட்கலாம். அதுக்குத்தான் இந்த எபிசோடு.

முதல்ல கொஞ்சம் இயற்பியல்

இந்த வார்த்தை ஆபீஸ்ல பிறக்கலை, தண்ணியில பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டுல, தண்ணியும் காத்தும் எப்படி ஓடுதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க பயன்படுத்தின சொல். தமிழ் வழியில பதினொண்ணாம் வகுப்பு இயற்பியல் படிச்சவங்களுக்கு 'வரிச்சீர் ஓட்டம்'னு சொன்னா ஞாபகம் வரும். அதுக்கு எதிர்ப்பதம் 'சுழற்சி ஓட்டம்'.

வரிச்சீர் ஓட்டம்னா, ஒரு இடத்தைக் கடந்து முதல் துளி எந்தப் பாதையில போச்சோ, அதே பாதையிலதான் அடுத்த துளியும் போகும். பாதைகள் ஒண்ணை ஒண்ணு வெட்டாது. குழாயைக் கொஞ்சமா திறந்தா கண்ணாடிக் கம்பி மாதிரி அசையாம விழுதே தண்ணி, அது கிட்டத்தட்ட இதுதான். முழுசா திறந்தா குதிச்சு, கலங்கி, சத்தம் போட்டு விழும். அது சுழற்சி.

இப்போ ஓடுற தண்ணிக்கு நடுவுல ஒரு பொருளை வெச்சா? அதோட வடிவத்தைப் பொறுத்து ஓட்டம் சீரா விலகிப் போகும், இல்லைன்னா கலங்கும். ஓட்டத்தைக் கலக்காத வடிவத்துக்குத்தான் ஸ்ட்ரீம்லைன் வடிவம்னு பேர் வந்தது.

இங்க நிறைய பேர் நினைக்கிறது என்னன்னா, முன்பக்கம் ஊசி மாதிரி கூரா இருந்தா போதும்னு. அப்படி இல்லை. வஞ்சிர மீனை நாம பெரும்பாலும் ஸ்லைஸாத்தான் பார்த்திருப்போம். அடுத்த தடவை மீன் மார்க்கெட்ல முழு வஞ்சிரத்தைப் பாருங்க. உடம்போட பருமனான பகுதி தாண்டினதும் ஒரேயடியா முடியாது. நீளமா, படிப்படியா மெலிஞ்சு வால்ல போய் சேரும். அந்தப் பின்பக்கம்தான் முக்கியமான வேலையைச் செய்யுது.

ஏன்னா ஒரு பொருளைப் பின்னாடி இழுக்கிற விசையில பெரும்பங்கு, அதுக்குப் பின்னால உருவாகுற கலக்கத்திலிருந்துதான் வருது. உருண்டையான ஒரு கம்பி மேல காத்து மோதினா, முன்பக்கம் ஒட்டியே வர்ற காத்து பின்பக்கம் ஒட்ட முடியாம பிச்சுக்கிட்டுப் போயிடும். அங்க அழுத்தம் குறையும், கம்பியைப் பின்னாடி இழுக்கும். அதே தடிமன்ல, வால் நீண்டு மெலிஞ்ச மீன் வடிவத்துல செஞ்சா, இழுவிசை ஏறக்குறைய பத்துல ஒரு பங்கா குறைஞ்சிடும். பழைய இரட்டை இறக்கை விமானங்கள்ல இறக்கைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த உருண்டைக் கம்பிகளை, பின்னாடி இந்த மாதிரி வடிவமா மாத்தினது இதனாலதான்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. உருண்டையை மீன் வடிவமா மாத்தும்போது நாம எதையும் வெட்டி எடுக்கலை. ஒரு வாலைச் சேர்த்தோம். பொருள் நீளமாச்சு, எடை கூடக் கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனா ஓட்டம் சுலபமாச்சு.

ஸ்ட்ரீம்லைன்னா வெட்டுறது, குறைக்கிறதுன்னு நம்ம மனசுல பதிஞ்சிருக்கு. இந்த வார்த்தை பிறந்த இடத்துல அப்படி ஒரு கட்டாயமே கிடையாது.

பென்சில் சீவுறதுக்கு எதுக்கு காத்து வடிவம்?

1930-கள்ல அமெரிக்காவுல இது பெரிய மோகமா ஆச்சு. 1934 மே 26-ஆம் தேதி, பர்லிங்டன் செஃபிர்னு ஒரு ரயில், டென்வர்ல இருந்து சிகாகோவுக்கு நடுவுல எங்கயும் நிக்காம ஓடுச்சு. 1,600 கிலோமீட்டருக்கும் மேல, 13 மணி 5 நிமிஷத்துல. பளபளன்னு எவர்சில்வர் உடம்பு, சாஞ்ச மூக்கு. பார்த்தவங்க அசந்து போயிட்டாங்க. ஆனா வேகத்துக்கு அந்த மூக்கு மட்டும் காரணம் இல்லை. எடை குறைவான உடம்பு, டீசல் இன்ஜின், எல்லாம் சேர்ந்துதான் அந்த ஓட்டம்.

ஜனங்க கண்ணுல நின்னது என்னவோ மூக்குதான். உடனே எல்லாப் பொருளும் அந்த வடிவத்துக்கு மாற ஆரம்பிச்சது. ரேமண்ட் லோவின்னு புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஒருத்தர். 1933-ல அவர் பேர்ல ஒரு பென்சில் ஷார்ப்பனர் மாதிரி உருவாச்சு. கண்ணீர்த்துளி வடிவம், பளபளப்பு, பறக்கத் தயாரா இருக்கிற மாதிரி ஒரு தோற்றம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனா பென்சில் ஷார்ப்பனர் மேஜையில இருக்கிற பொருள். அது எந்தக் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகப் போகுது?

இதைக் கிண்டலுக்குச் சொல்லலை. நம்ம ஆபீஸ்லயும் இது நடக்குது. புது டாஷ்போர்டு வரும், கலர் மாறும், பட்டன் எல்லாம் ஓரம் மழுங்கி அழகா இருக்கும். பின்னால லீவு அப்ரூவலுக்கு அதே அஞ்சு பேர், அதே மூணு நாள். தோற்றம் ஸ்ட்ரீம்லைன் ஆகியிருக்கு, ஓட்டம் ஆகலை.

உண்மையான வேலைக்கு ஒரு விலை உண்டு

இதுக்கு நேர் எதிரா ஒரு உதாரணம் ஜப்பான்ல இருக்கு. புல்லட் ரயில் சுரங்கத்துக்குள்ள வேகமா நுழையும்போது, முன்னால இருக்கிற காத்தை பிஸ்டன் மாதிரி அமுக்கும். அந்த அழுத்த அலை சுரங்கத்தோட மறுமுனையில வெடிச் சத்தமா வெளிய வரும். பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்குத் தொல்லை. இதைச் சரி பண்ண வேலை பார்த்த பொறியாளர்கள்ல ஒருத்தர் எய்ஜி நகாட்சு. பறவைகளை வேடிக்கை பார்க்கிறது அவருக்குப் பிடிச்ச பொழுதுபோக்கு. மீன்கொத்தி, காத்துல இருந்து தண்ணிக்குள்ள பாயும்போது ரொம்பக் கொஞ்சமாத்தான் தண்ணி சிதறும். காத்துங்கிற லேசான ஊடகத்துல இருந்து தண்ணிங்கிற கனமான ஊடகத்துக்குள்ள நுழையுது இல்லையா? ரயிலுக்கும் இதே பிரச்சனைதான். மீன்கொத்தி அலகு மாதிரி மூக்கோட 500 வரிசை ரயில் 1997-ல ஓட ஆரம்பிச்சது, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்துல.

அந்த மூக்கோட நீளம் 15 மீட்டர். முதல் பெட்டியில பாதிக்கு மேல மூக்கே எடுத்துக்கிச்சு. அதனால அந்தப் பெட்டியில சீட்டுகள் குறைஞ்சது. அதாவது ரயில் கம்பெனி அதுக்கான விலையைத் தன் பக்கமே ஏத்துக்கிச்சு. சுரங்கத்துப் பக்கத்துல குடியிருக்கிறவங்க தலையில கட்டலை.

இது நம்ம கதைக்கு முக்கியம். ஸ்ட்ரீம்லைன் இலவசம் கிடையாது. யாரோ ஒருத்தர் விலை கொடுக்கணும். யார் கொடுக்கிறாங்கங்கிறதுதான் கேள்வி.

தமிழ்ல இதை எப்படிச் சொல்றது?

பேப்பர்ல 'நெறிப்படுத்துதல்', 'சீரமைத்தல்', 'முறைப்படுத்துதல்'னு எல்லாம் எழுதுவாங்க. இதுல நெறிங்கிற சொல்லுக்கு வழின்னு ஒரு பொருள் உண்டு. இன்னொரு சொல் இதைவிட சுவாரஸ்யம்: ஆறு. ஆறுன்னா நதி. பழந்தமிழ்ல ஆறுன்னா வழியும்தான். சங்க இலக்கியத்துல ஆற்றுப்படைன்னு ஒரு வகையே இருக்கு. ஒரு வள்ளல்கிட்ட பரிசு வாங்கிட்டுத் திரும்புற கலைஞர், வறுமையோட எதிர்ல வர்ற இன்னொரு கலைஞருக்கு வழி சொல்லி அனுப்புறது. முன்னாடி போனவர் போன பாதையில அடுத்தவரும் தடுமாறாமப் போறது. மேல சொன்ன வரிச்சீர் ஓட்டத்தை அப்படியே நினைச்சுப் பாருங்க.

ஆனா பேச்சு வழக்குல எனக்கு ரொம்பப் பொருத்தமா படுறது வேற ஒண்ணு. தூர் வாருறது.

டெல்டாப் பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டாம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. அதுக்கு முன்னாடி ஆறு, வாய்க்கால் எல்லாத்துலயும் படிஞ்ச மண்ணையும் செடியையும் அள்ளிப் போடணும். இல்லைன்னா அணையில தண்ணி திறந்தும் புண்ணியம் இல்லை.

தூர் வாரும்போது எடுக்கிறது மண்ணை. தண்ணியை இல்லை. அதே நேரம், கரையைப் பலப்படுத்துறது, மதகைச் சரி பண்றதுன்னு சில விஷயங்களைச் சேர்க்கவும் செய்வாங்க. வேலை நல்லா நடந்துச்சான்னு எப்படித் தெரியும்? அணைப் பக்கத்துல நின்னு பார்த்தா தெரியாது. அங்க எப்பவுமே தண்ணி நல்லாத்தான் ஓடும். நாகப்பட்டினம் பக்கம், வாய்க்காலோட கடைசியில இருக்கிற வயலுக்குத் தண்ணி வந்துச்சான்னு கேட்கணும். அதுக்குப் பேர்தான் கடைமடை. கடைமடைக்குத் தண்ணி வந்தா, தூர் வாரினது உண்மை.

இனிமே யாராவது ஸ்ட்ரீம்லைன்னு சொன்னா நான் மனசுக்குள்ள கேட்டுக்கிறது இதைத்தான்: இதுல கடைமடை யாரு?

டீக்கடை கவுன்டர்ல பாருங்க

நாம தினமும் பயன்படுத்துற ஒண்ணு, யுபிஐ. 2016-ல வந்தது. அதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒருத்தருக்குப் பணம் அனுப்பணும்னா, அவங்க அக்கவுன்ட் நம்பர், 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி கோடு எல்லாம் வாங்கி, அவங்களை லிஸ்ட்ல சேர்த்து, அது ஆக்டிவேட் ஆகுற வரைக்கும் காத்திருக்கணும். பன்னிரண்டு ரூபா டீக்கு இதைப் பண்ணுவோமா? இப்போ ஸ்கேன், தொகை, பின் நம்பர், முடிஞ்சது.

பின்னால வேலை குறைஞ்சிடுச்சான்னு கேட்டா, இல்லை. உங்க ஆப், உங்க பேங்க், நடுவுல என்பிசிஐ, கடைக்காரரோட பேங்க் எல்லாம் சில நொடிக்குள்ள பேசிக்கணும். சிக்கல் அங்கேயேதான் இருக்கு. அதை நம்ம கையில கொடுக்காம, சிஸ்டம் தன்கிட்ட வெச்சுக்கிச்சு.

கடைசியில ஒரு வாலும் சேர்ந்துச்சு: கவுன்டர்ல இருக்கிற சவுண்ட் பாக்ஸ். ஒரு கையில பால், ஒரு கையில டிகாக்‌ஷன்னு நிக்கிற டீ மாஸ்டர், போனை எடுத்து மெசேஜ் வந்துச்சான்னு பார்க்க முடியாது. "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது"ன்னு பெட்டி சொல்லிடும். புதுசா ஒரு சாதனத்தைச் சேர்த்ததால ஓட்டம் சுலபமாச்சு. கடைமடைக்குத் தண்ணி வந்துச்சு.

லாரி டெஸ்லர்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி. நாம தினமும் பண்ற கட், காப்பி, பேஸ்ட் வந்ததுல பெரிய பங்கு அவருக்கு உண்டு. 2020-ல காலமானார். அவர் பேர்ல ஒரு விதி சொல்வாங்க: எந்த மென்பொருள்லயும் ஒரு அளவுக்கு மேல சிக்கலைக் குறைக்க முடியாது. அதை யார் சுமக்கிறதுன்னு மட்டும்தான் நாம முடிவு பண்ண முடியும். எழுதுறவரா, பயன்படுத்துறவரா?

இந்த விதியை மனசுல வெச்சுக்கிட்டு ஒரு கஸ்டமர் கேர் நம்பருக்கு போன் பண்ணிப் பாருங்க. "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்"ல ஆரம்பிச்சு, எட்டு மெனு தாண்டி, திரும்பவும் முதல் மெனுவுக்கே வந்து நிப்போம். கம்பெனியோட கணக்குல இது ஸ்ட்ரீம்லைன். ஒரு காலுக்கு ஆகுற செலவு குறைஞ்சிருக்கும். தடை எங்கயும் போகலை. நம்ம வீட்டு வாசல்ல கொண்டு வந்து கொட்டிட்டாங்க. தூர் வாரின மண்ணை அடுத்தவன் வயல்ல கொட்டுற மாதிரி.

நான் பக்கத்துல இருந்து பார்த்தது

முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, ரிலீஸ் வேலையை ஸ்ட்ரீம்லைன் பண்ணணும்னு மேல இருந்து முடிவாச்சு. ரெண்டு நாள் ஆகுறது அரை நாள்ல முடியணும். எதை எடுக்கலாம்னு பார்த்து, ரிலீஸுக்கு முன்னாடி சப்போர்ட் டீமுக்கு எழுதிக் கொடுக்கிற குறிப்பை எடுத்துட்டாங்க. என்ன மாத்தினோம், எது உடைய வாய்ப்பிருக்கு, உடைஞ்சா யாரைக் கூப்பிடணும்னு சொல்ற ஒரு பக்கம். அரை நாள் ஆச்சு. மீட்டிங்ல சார்ட் போட்டுக் காட்டினாங்க, எல்லாரும் கை தட்டினோம்.

சப்போர்ட்ல நைட் ஷிப்ட் பார்க்கிற ஒரு அண்ணா இருந்தார். எங்களுக்கு மிச்சமான ஒன்றரை நாளை அவர் டீம்தான் ராத்திரியில கட்டிக்கிட்டு இருந்தது. என்ன மாறுச்சுன்னே தெரியாம, கோபமா கூப்பிடுற கஸ்டமருக்குப் பதில் சொல்லணும். "தம்பி, ஒரு பக்கம் வேணாம்ப்பா, ஒரு வரியாவது எழுதி வெச்சுட்டுப் போங்க"ன்னு அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு.

எங்க டீம்ல ரெண்டு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதினோம். கோடு மாத்தும்போது நாங்க எழுதுற குறிப்புகளைத் தொகுத்து, ரிலீஸ் ஆகும்போது தானா சப்போர்ட் சேனல்ல போட்டுடும். அதே அரை நாள்தான் ஆச்சு. ராத்திரி வர்ற போன் கால்ஸ் நல்லாவே குறைஞ்சது. முன்னாடி வெட்டி எறிஞ்ச வால்தான் அது. கொஞ்சம் மெலிசா திரும்ப ஒட்ட வெச்சோம்.

சில மாசம் கழிச்சு, சப்போர்ட் டீமை ஸ்ட்ரீம்லைன் பண்றதா மெயில் வந்தது. அந்த அண்ணாவும் அந்த லிஸ்ட்ல இருந்தார். கம்பெனிக்குப் பணக் கஷ்டம் இருந்திருக்கலாம், ஆளைக் குறைக்கிறது தவிர வேற வழி இல்லாம இருந்திருக்கலாம். அதைப் பத்தி நான் தீர்ப்பு சொல்லலை. ஆனா அதுக்கு ஆட்குறைப்புன்னு ஒரு நேர்மையான பேர் இருக்கு. பத்து வருஷம் ராத்திரி முழிச்சு வாய்க்காலை ஓட வெச்ச மனுஷனை, வாய்க்கால்ல படிஞ்ச மண்ணு மாதிரி சொல்ற வார்த்தையை அந்த மெயில்ல பார்த்தப்போ எனக்குக் கோபம்தான் வந்தது.

சரி, இந்த வார்த்தையை எப்படிப் பயன்படுத்துறது?

முதல் விஷயம். ஸ்ட்ரீம்லைன் பண்றது ஒரு ஓட்டத்தை. விண்ணப்பம், பில்லிங், ரிலீஸ், ஆஸ்பத்திரி ஓபி வரிசை, இப்படி எதாவது ஒண்ணு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போகணும். ஆளை ஸ்ட்ரீம்லைன் பண்ண முடியாது, பட்ஜெட்டையும் பண்ண முடியாது. பட்ஜெட்டைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

ரெண்டாவது, பக்கத்து வார்த்தைகளோட குழப்பிக்காதீங்க. எளிமையாக்குறதுன்னா ஒரு விஷயத்தைப் புரியிற மாதிரி ஆக்குறது. தானியங்கியாக்குறதுன்னா ஆள் செய்றதை மெஷின் செய்றது. அஞ்சு தேவையில்லாத அப்ரூவலை அப்படியே தானியங்கியாக்கினா, தேவையில்லாத வேலை இன்னும் வேகமா நடக்கும், அவ்வளவுதான். முதல்ல மண்ணை அள்ளணும், மோட்டார் அப்புறம்.

மூணாவது, ரெஸ்யூமே. "ரிலீஸ் வேலையை ஸ்ட்ரீம்லைன் செய்தேன்"னு மட்டும் எழுதினா இன்டர்வியூ எடுக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. "ரெண்டு நாள் ஆன ரிலீஸ் அரை நாள்ல முடியுது. சப்போர்ட் டீமுக்குக் குறிப்பு தானா போகுது"ன்னு எழுதுங்க. எது ஓடுது, என்ன தடை இருந்தது, கடைசியில இருக்கிறவருக்கு என்ன ஆச்சு, மூணும் அதுல வந்துடுச்சு.

மீட்டிங்ல கேட்கிறதுக்கும் அதே மூணுதான். இங்க ஓட வேண்டியது எது? தடுக்கிறது எது? நாம எடுக்கிற அந்தத் தடை காணாமப் போகுதா, இல்லை வேற யார் மேலயாவது போய் உட்காருதா? மூணாவது கேள்விக்குப் பதில் தெரியலைன்னா, கடைமடையில இருக்கிற ஒருத்தரை அந்த மீட்டிங்குக்குக் கூப்பிடச் சொல்லுங்க. ஜூனியரா இருந்தாலும் இதைக் கேட்கலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. "சார், சப்போர்ட்ல ஒருத்தரையும் சேர்த்துக்கலாமா?"ன்னு கேட்டாலே போதும்.

உங்க ஆபீஸ்லயோ காலேஜ்லயோ யாராவது நிஜமாவே தூர் வாரின கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ஒரு வாலைச் சேர்த்ததால வேலை சுலபமான கதையா இருந்தா இன்னும் சந்தோஷம். நல்லதா வர்றதை அடுத்த எபிசோடுல சேர்த்துப் பேசலாம். அதுவரைக்கும், பார்த்துக்கோங்க மக்களே.